காற்றுக்கு வேலை கொடுத்தவர்



எங்க அப்பா சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர். போன லீவில் கடையில் நின்றபோது, ஒருவர் சைக்கிளுக்கு டயர் கல்லு மாதிரி ஆகும்வரை காற்று அடித்துக் கொடுத்தேன். அப்பா வந்து பார்த்தார், வால்வைத் திருகிக் கொஞ்சம் இறக்கிவிட்டார். இந்த ரோட்டுக்கு இவ்வளவு வேண்டாம்டா என்றார். எனக்குச் சுருக்கென்றது. டயர் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு சுலபமாக உருளும் என்று படித்தவன் நான்! டிப்ளமோ படிக்கிறவன் சொல்வது சரியா, பஞ்சர் ஒட்டுகிறவர் சொல்வது சரியா?

பதில் தேடிப் போனபோதுதான் ஜான் பாய்டு டன்லப்பின் வாழ்க்கை கிடைத்தது. டன்லப் என்றால் டயர் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னைக்காரர்களுக்கு அம்பத்தூரில் ஒரு காலத்தில் ஓடிய தொழிற்சாலை ஞாபகம் வரும். ஆனால் அந்த ஆள் யார்? இன்ஜினியரா? இல்லை. மாட்டு டாக்டர்!

பத்தொன்பது வயதில் டாக்டர்

ஸ்காட்லாந்தில் ட்ரெகார்ன் என்ற கிராமத்தில் 1840 பிப்ரவரி 5 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் டன்லப். குறைப்பிரசவக் குழந்தை என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்ததால், ஆயுசு முழுக்க உடம்பைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டவர். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து, பத்தொன்பது வயதிலேயே தேறிவிட்டார். 1867இல் அயர்லாந்துக்குப் போய், பிறகு பெல்ஃபாஸ்ட் நகரத்தில் பெரிய அளவில் வைத்தியம் பார்த்தார். குதிரைதான் அன்றைக்கு லாரி, பஸ் எல்லாம். ஆகவே வைத்தியருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

பையனின் மூன்று சக்கர வண்டி

அந்தக் காலத்து சைக்கிள் எப்படி இருந்தது? முன் சக்கரம் ஆள் உயரம், பின் சக்கரம் தம்மாத்துண்டு. விழுந்தால் தலைகுப்புறத்தான். 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, செயின் போட்டு ஓடும் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டுவது அதன் வாரிசுதான். ஆனால் ஒரு சிக்கல். பெரிய சக்கரம் குழியைத் தாண்டிப் போய்விடும். சின்னச் சக்கரமோ ஒவ்வொரு கல்லையும் எண்ணிக்கொண்டு போகும். டயரோ கெட்டி ரப்பர். குலுங்கியே உயிர் போய்விடும்!

பெல்ஃபாஸ்ட் தெருக்கள் கருங்கல் பாவிய தெருக்கள். டன்லப்பின் சின்ன மகன் ஜானி அந்தத் தெருவில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டப் படாத பாடு பட்டான். 1887இல் அப்பா வேலையில் இறங்கினார். மெல்லிய ரப்பர் ஷீட்டை ஒட்டிக் குழாய் செய்தார். அதை ஒரு மர வட்டின் விளிம்பில் வைத்து, மேலே துணி சுற்றி ஆணி அடித்தார். ஃபுட்பால் பம்பால் காற்று ஏற்றினார்.

பிறகு செய்த சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மகனின் வண்டியிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி முற்றத்தில் உருட்டிவிட்டார். பாதியில் சாய்ந்து விழுந்தது. காற்று வைத்த மர வட்டை உருட்டினார். அது முற்றம் முழுக்க ஓடி, எதிரே இருந்த கதவில் மோதித் திரும்பியது! மீட்டர் இல்லை, லேப் இல்லை. ஆனால் இதைவிடச் சுத்தமான எக்ஸ்பெரிமெண்ட் உண்டா? மகனுக்குக் குலுங்கக் கூடாது என்று செய்த டயர், ஓட்டத்திலும் ஜெயித்துவிட்டது.

கேலி நின்றது

1888இல் பேட்டண்ட் கிடைத்தது. 1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் வில்லி ஹியூம் என்பவர் இந்த டயர் போட்ட சைக்கிளில் பந்தயத்துக்கு வந்தார். இவ்வளவு தடியான டயரா என்று கூட்டம் சிரித்தது. பந்தயம் முடிந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது, ஜெயித்தது ஹியூம். தோற்றவர்களில் ஹார்வி டு கிராஸ் என்பவரின் மகன்களும் உண்டு. டு கிராஸ் கோபப்படவில்லை. டன்லப்போடு சேர்ந்து அதே ஆண்டு டப்ளினில் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். வியாபாரி!

முதல் ஆள் அவர் இல்லை

1890இல் இடி விழுந்தது. டன்லப்பின் பேட்டண்ட் செல்லாது என்று ஆகிவிட்டது. காரணம், இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர். ராபர்ட் வில்லியம் தாம்சன் தன் இருபத்திமூன்றாம் வயதில், 1845இலேயே காற்று டயருக்கு பேட்டண்ட் வாங்கியிருந்தார். 1847இல் லண்டன் ரீஜண்ட் பார்க்கில் குதிரை வண்டிக்குப் பூட்டி ஓட்டியும் காட்டினார். ஆனால் மெல்லிய ரப்பர் கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம், சைக்கிள் தெருவுக்கு வராத காலம். வாங்க ஆளில்லை. தாம்சனே பிற்பாடு கெட்டி ரப்பருக்கு மாறிவிட்டார். டன்லப்புக்கு இந்த விஷயம் முன்பு தெரியாது.

கம்பெனி மற்றவர்களின் கண்டுபிடிப்புகளை வைத்துப் பிழைத்தது. கம்பி வைத்த டயர் சார்லஸ் வெல்ச்சுடையது. நம்ம சைக்கிளில் வால் டியூப் போட்டு மாட்டுகிறோமே, அந்த வால்வுக்கு டன்லப் வால்வ் என்று பெயர். ஆனால் அது வுட்ஸ் என்பவருடையது. 1896இல் கம்பெனி 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறி, உடனே 50 லட்சத்துக்குப் பங்குச் சந்தைக்குப் போனது. டன்லப் அதற்குள் ஒதுங்கிவிட்டார். பெரிய பணம் அவர் கைக்கு வரவில்லை. 1921 அக்டோபர் 23 அன்று டப்ளினில் காலமானார். மிச்சமானது பெயர்.

இன்றைய கிராவல் பைக்

இப்போது கிராவல் பைக் என்று ஒரு வண்டி வந்திருக்கிறது. வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக். மண், ஜல்லி ரோடு எல்லாவற்றிலும் போகும். அதன் உயிர் அகல டயர்தான். பந்தய சைக்கிளில் 23 மி.மீ. டயரை 100 பவுண்டுக்கு மேல் அடித்த காலம் உண்டு. கிராவல் பைக்கில் 40 மி.மீ. டயர், 30, 40 பவுண்டு காற்று போதும்.

ஏன்? வழவழப்பான தரையில் கெட்டி டயர் சுலபமாக உருளும் என்பது சரிதான். கரடுமுரடு ரோட்டில் அதே டயர் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடும். நாம் மிதித்த சக்தி குலுங்குவதில் வீணாகிறது. டயர் கொஞ்சம் அமுங்கிக் கல்லை விழுங்கினால் வேகம் மிச்சம். டன்லப் முற்றத்தில் கண்டது இதைத்தான்.

எனவே என் கருத்து: வாங்குகிறவர்கள் கார்பனா, அலுமினியமா, ஸ்டீலா, டைட்டானியமா என்று பிரேமுக்கே பணத்தைக் கொட்ட வேண்டாம். கார்பன் எடை குறைவு, உண்மை, விலையும் அப்படித்தான். ஆனால் எந்த பிரேமும் டயர் அளவுக்கு அமுங்கிக் கொடுக்காது. அலுமினிய பிரேம், நல்ல டயர், அகல டயர் உள்ளே நுழைய இடம்... இதுதான் காசுக்கு ஏற்ற வண்டி.

கடைசியாக ஒன்று. அப்பா கடையில் தொங்கும் பழைய கறுப்பு சைக்கிள் டயரை ஸ்கேல் வைத்து அளந்தேன். 28க்கு ஒன்றரை. ஒன்றரை அங்குலம் என்றால் சுமார் 40 மி.மீ! வெளிநாட்டில் புதுசு என்று விற்கிற அகலம் எங்க கடையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. காற்றை இறக்கிவிட்ட அப்பா சொன்னதும் சரி. ரோட்டைப் பார்த்துச் சொன்னார். நான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். அந்தப் புத்தகத்தில் இருந்த தரை வழவழப்பானது.

நண்பர்களே, படிப்போம், நிறையப் படிப்போம். படித்ததை டன்லப் மாதிரி முற்றத்தில் ஒருமுறை உருட்டியும் பார்ப்போம்!

— இயந்திரவியல் மாணவன்