மன்றோ சிலையில் அங்கவடி எங்கே? குதிரைமேல் இருக்கும் கவர்னரின் கதை

நங்கநல்லூரிலிருந்து பாரிமுனைப் பக்கம் மெட்ரோவில் போனால் மன்றோ சிலை கண்ணில் படாது. ரயில் அண்ணா சாலைக்கு அடியிலேயே போய்விடும். பஸ்ஸிலோ பைக்கிலோ போனால், தீவுத்திடல் அருகே குதிரைமேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் சர் தாமஸ் மன்றோ.

சிற்பி தற்கொலை செய்தாரா?

இல்லவே இல்லை. குதிரைக்குச் சேணமும் அங்கவடியும் வைக்க மறந்த சிற்பி, அவமானத்தில் உயிரை விட்டதாக ஒரு கதை சென்னையில் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் ஜார்ஜ் சிலையையும் இப்படித்தான் செய்தார். அது அவரோட ஸ்டைல். மன்றோ சிலை 1839-ல் இங்கே நிறுவப்பட்டது. சான்ட்ரி 1841-ல் இதய நோயால் இறந்தார்.

சிப்பாய் எப்படி கலெக்டர் ஆனார்?

மன்றோ 1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். அமெரிக்கச் சுதந்திரப் போரால் அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போனது. 1780-ல், 18 வயதில், கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை வந்தார். வந்த வருடமே ஹைதர் அலியுடன் போர்.

1792-ல் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் கம்பெனி கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீடுடன் அனுப்பப்பட்டவர்களில் மன்றோவும் ஒருவர். அங்கே உருவானதுதான் ரயத்துவாரி முறை. வங்காளத்தில் ஜமீன்தார் மூலம் வரி வசூல். இங்கே நிலத்தை அளந்து, பட்டா கொடுத்து, விவசாயியிடமே அரசு நேரடியாக வரி வாங்கியது.

விவசாயிக்கு நல்லதா?

பாதிதான். இடைத்தரகர் போனார், வரிச்சுமை போகவில்லை. 1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பா பகுதியை நிர்வகித்தபோது, பாளையக்காரர்களைப் படைபலத்தால் ஒடுக்கினார். ஆனா, வரி அதிகம் என்பதை உணர்ந்து 25 சதவீதம் குறைக்கச் சொன்னவரும் அவரே. மேலிடம் அப்போது கேட்கவில்லை.

1817-18 மராட்டியப் போரில் மறுபடி படை நடத்தினார். 1820-ல் சென்னை கவர்னர் ஆனதும் ரயத்துவாரியை மாகாணம் முழுக்கப் பரப்பினார். 1822-ல் உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகள் பதிவாயின. ஆங்கில ஆட்சி நிரந்தரம் அல்ல, இந்தியர்களே நாட்டை நடத்தும் நாள் வர வேண்டும் என்று 1824-லேயே அரசுக் குறிப்பில் எழுதினார்.

ஊர் திரும்பும் முன் பழைய மாவட்டங்களைப் பார்க்கப் போனவர், 1827 ஜூலை 6-ல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். 28 வருடம் கழித்து, வரிக்காக விவசாயிகள் சித்திரவதை செய்யப்படுவதை அரசின் விசாரணைக் குழுவே உறுதிசெய்தது.

சிலை ஏன் இன்னும் இருக்கிறது?

1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய நீல் துரையின் சிலையும் மவுண்ட் ரோட்டில்தான் இருந்தது. மக்கள் போராட்டத்துக்குப் பிறகு, 1937-ல் ராஜாஜி அரசு அதை அகற்றியது. மன்றோவை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓவியர் மார்ட்டின் ஆர்ச்சர் ஷீயும் மன்றோவை ராணுவ உடையில்தான் வரைந்தார். சிலையிலும் அவர் தளபதிதான். ஆனால் அவர் விட்டுப்போனதில் இன்றும் நம் கையில் இருப்பது, வீட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் பட்டாதான்.