எண்ணும் முறையை மாற்றிய வங்க அறிஞர்

சத்தியேந்திரநாத் போஸ் 1894 சனவரி முதல் நாள் கல்கத்தாவில் பிறந்தார். 1921இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியரானார். முனைவர் பட்டம் பெறாதவர் என்பதை நாம் மறத்தலாகாது.

பிளாங்கின் கதிர்வீச்சு விதிக்கு அந்நாளில் வழங்கிய நிறுவல் அவருக்கு நிறைவு தரவில்லை. இரு நாணயங்களைச் சுண்டினால் பூ-தலை, தலை-பூ என நாம் இரண்டாகக் கணக்கிடுவோம். போஸோ ஒளித்துகள்களைத் தம்முள் வேறுபிரிக்க இயலாதவையெனக் கொண்டு, அவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணினார். விதி தானே வந்து பொருந்தியது!

1924 சூனில் அக்கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு விடுத்தார். அப்பெருமகனார் தாமே செருமானியத்தில் பெயர்த்து வெளியிட்டார். அம்முறையை அணுக்களுக்கும் விரித்து, கடுங்குளிரில் அவை ஒரே நிலையில் திரளும் என்று கண்டார். 1995இல்தான் அமெரிக்காவின் போல்டர் நகரில் கார்னெலும் வீமனும் ருபீடிய வாயுவில் அத்திரட்சியைப் படைத்தனர். ஒரு பாகையைக் கோடிக் கூறாக்கினால் இரண்டு கூறுக்கும் குறைந்த வெப்பநிலை அது!

வாயுவைத் தகடுபோல் மெலிதாக்கினால் நிலைமை வேறு. அங்கே அணுக்களின் ஒத்திசைவு தொலைவு மிக மிக மெல்லத் தளரும். வெப்பம் ஏறினால், இணைகளாய்க் கட்டுண்ட சுழல்கள் பிரிந்து அதனை விரைந்து சிதைக்கும். இம்மாற்றத்தை 2006இல் பாரிசு ஆய்வாளர் கண்டனர்.

2001இல் திரட்சிக்கு நோபல் பரிசு கிட்டியது. போஸுக்கு அப்பரிசு என்றுமே வாய்க்கவில்லை. அவர் நாடியது வேறொன்று. 1948இல் வங்க அறிவியல் கழகத்தை நிறுவி, தாய்மொழியில் அறிவியல் இதழ் நடத்தினார். தமிழ்த்துறையினராகிய நாம் அவரை நினைப்பது இதன்பொருட்டே. 1974 பிப்ரவரி 4இல் அவர் மறைந்தபோது திரட்சி ஏட்டளவிலேயே இருந்தது.