கித்தார் வாசிக்கத் தெரியாத கித்தார்க்காரர் லியோ ஃபெண்டர்

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இசைக்குழு வந்தால் மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறோம். பாடுகிறவரைப் பார்க்கிறோம், தபேலாக்காரரைப் பார்க்கிறோம். ஓரத்தில் ஒருவர் நீண்ட கித்தாரை மாட்டிக்கொண்டு, நெஞ்சில் வந்து இடிக்கிற மாதிரி தும் தும்மென்று வாசிப்பாரே, அவரை யார் கவனிக்கிறோம்? அதுதான் பாஸ் கித்தார். இளையராஜா பாட்டில் அதை எடுத்துவிட்டால் பாதிப் பாட்டு காலி! அந்தக் கருவியை உலக மேடைகளுக்குக் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர்.

அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். 1909 ஆகஸ்டு 10-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சு பயிரிட்டவர்கள். எட்டு வயதில் கட்டி வந்து இடது கண் போயிற்று. கண்ணாடிக் கண் வைத்தார்கள். படித்தது கணக்கு. பொருளாதார மந்தக் காலத்தில் கணக்கர் வேலையும் போகவே, 1938-ல் கடன் வாங்கி ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தார்.

உடைந்த ஒலிபெருக்கிகளை அந்தக் கடைக்குத்தான் வாத்தியக்காரர்கள் தூக்கி வருவார்கள். அவர்கள் குறை சொல்லச் சொல்ல, இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். வேடிக்கை என்னவென்றால், கித்தார்களால் பேர் வாங்கிய இந்த மனிதருக்குக் கடைசிவரை கித்தார் வாசிக்கத் தெரியாது!

அந்நாளில் பாஸ் என்றால் ஆள் உயரப் பெரிய வயலின். காரில் ஏற்றுவதே பெரும்பாடு. மற்ற வாத்தியங்கள் முழங்கினால் அதன் ஓசையும் கேட்காது. 1951-ல் ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டும் மின் கித்தாராகச் சுருக்கினார். வீணையைப் போல மெட்டுகள் வைத்ததால் சுருதி தவறாமல் விரல் வைக்க முடிந்தது.

அதற்கு நான்கு கம்பிகள். 1961-ல் ஆறு கம்பி பாஸ் ஒன்றையும் வெளியிட்டார். பெயர் 'பாஸ் சிக்ஸ்'. (ஆறு கம்பி பாஸை 1956-லேயே டான்எலெக்ட்ரோ நிறுவனம் செய்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) சாதாரணக் கித்தாரின் அதே சுரங்கள், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. ஆகவே கித்தார்க்காரர் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம். அதிரும் கம்பியின் நீளம் 30 அங்குலம். அவருடைய நான்கு கம்பி பாஸில் அது 34. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்சு. ஓசையை அசைந்தாடச் செய்ய ஒரு கைப்பிடியும் உண்டு. 1963-ல் அடித்தொனியைக் குறைக்கும் நான்காவது சுவிட்சும் சேர்ந்தது.

நல்ல வாத்தியம், ஆனால் அதிகம் விற்கவில்லை. கம்பிகள் நெருக்கமாக இருந்ததால் பாஸ் வாசிப்பவர்களுக்குக் கை பழகவில்லை. 1975-ல் தயாரிப்பே நின்றது. அதற்காகத் தோல்வி என்று சொல்லிவிடலாமா? பீட்டில்ஸ் குழுவினர் 1968, 1969 ஒலிப்பதிவுகளில் இதைத்தானே எடுத்து வாசித்தார்கள்!

இதற்கிடையில் ஃபெண்டருக்குத் தீராத வியாதி. பிழைக்கமாட்டோம் என்றே எண்ணி, 1965-ல் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். பிறகு வேறு மருத்துவரிடம் போனார், வியாதி குணமாகிவிட்டது. ஆள் பிழைத்தார், ஆனால் பெயர் கைவிட்டுப் போயிற்று. அவர் செய்யும் கித்தாரில் ஃபெண்டர் என்று அவரே எழுத முடியாது! பத்து ஆண்டுகள் போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற ஒப்பந்தம் வேறு.

மனுஷர் சும்மா இருந்தாரா? தவணை முடிந்ததும் மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவரானார். 1980 வாக்கில், எழுபது வயதில், பழைய கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் 'ஜி அண்டு எல்' தொடங்கினார். ஜி என்றால் ஜார்ஜ், எல் என்றால் லியோ. தம் பெயரில் அந்த ஒரு எழுத்தைத்தான் அவரால் போட முடிந்தது. நடுக்குவாத நோய் வந்தும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21-ல் காலமானார்.

விலைபோகாத அந்த ஆறு கம்பி பாஸ், பழைய பாணியிலேயே 2013-ல் குறைந்த விலையில் மறுபடியும் கடைக்கு வந்தது.