சுவாமி சகஜானந்தர்

வட ஆர்க்காட்டு ஜில்லா ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், தாழ்த்தப்பட்டதொரு குடியில், 1890ஆம் ஆண்டு தோன்றியவர் முனிசாமி. திண்டிவனத்து மிஷன் பள்ளியிற் பயின்ற அவர் சமயம் மாற இசையாமையின், படிப்பு இடையிலே நின்றது. வறுமை அவரைக் கோலார்த் தங்கச் சுரங்கத்திற்குச் செலுத்திற்று. பின்னர், நம் அத்திப்பட்டுக்குத் தெற்கே வியாசர்பாடியில் எழுந்தருளியிருந்த கரபாத்திர சுவாமிகளை அடைந்து, சகஜானந்தர் என்னும் துறவுப்பெயர் பெற்றார்.

துறவு பூண்டும் அவர் ஏழைச் சிறுவரைத் துறந்தாரல்லர். 1910இல் சிதம்பரம் சேர்ந்தார். 1916இல் நந்தனார் திருப்பெயரால் ஒரு பள்ளி கண்டார். பண்ணையில் மாடு மேய்க்கும் பிள்ளைக்கு ஏடு மட்டும் போதாது, உண்டியும் உறையுளும் வேண்டும் என்றறிந்து, விடுதியும் அமைத்தார். சட்டசபையில் உறுப்பினராய் அமர்ந்த நாளிலும் அவர்தம் இல்லம் அப்பள்ளியே. 1959ஆம் ஆண்டு மே முதல் நாள் மறைந்தார்.

எல்லாப் பள்ளிகளும் எல்லார்க்கும் திறந்துள்ள இந்நாளில் இத்தகைய நிலையம் எற்றுக்கு என்பாரும் உளர். வாயில் திறப்பது ஒன்று. உட்புகுந்த பிள்ளை நிலைத்துக் கற்பது மற்றொன்று. அமெரிக்காவில், அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கட்கென 1881இல் எழுந்த டஸ்கீகி நிலையம், பிற கல்லூரிகள் அவர்க்குத் திறந்த பின்னரும் பல்கலைக்கழகமாய் வளர்ந்து நிற்கின்றது. அடைத்த கதவின்முன் நின்ற பிள்ளைகளின் துயரறிந்து எழுந்த நிலையத்தை, கதவு திறந்ததென்று கைவிடல் நன்றியன்று.

நந்தனார் பள்ளி இன்று அரசினர் பள்ளியாய் நடைபெறுகின்றது. அன்பர்காள்! தில்லைக்குச் செல்வோர் கூத்தபிரானைத் தொழுது மீளுங்கால் அப்பள்ளியையும் காண்க. ஒரு பிள்ளையின் நூற்செலவையேனும் ஏற்று வருக.