பண்டாரவன்னியன் புகழ்

வன்னிநாட்டிற் பிறந்து இக்கல்லூரியிற் பயின்ற எவரும் பண்டாரவன்னியன் பெயரைக் கேளாது வளர்ந்திரார். அப்புகழ் எதன்மேல் நிற்கின்றது என்பதை இம்மலரில் ஆராய்தல் பொருந்தும்.

பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுகளை ஆண்ட வன்னியர், போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்தும் கொடாது மறுத்தும் காடுகளின் நடுவே தன்னாட்சி பேணினர். 1782இல் ஒல்லாந்தர் படைகொண்டு வன்னியை அடக்கினர். 1796இல் இலங்கைக் கரைநாடு முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. குலத்தின் உரிமை போன பின்பே பண்டாரவன்னியன் வரலாற்றிலே தோன்றுகின்றான்.

1803ஆம் ஆண்டு யூன் மாதத்திலே கண்டியிற் புகுந்த ஆங்கிலப் படை அழிந்தது. அவ்வேளை நோக்கி, கண்டியரின் துணையோடு அவன் எழுந்தான். ஆகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். அங்கிருந்த கப்டன் வொன் டிறிபேக்கின் படை நிற்கமாட்டாது கடல்வழியே யாழ்ப்பாணம் சென்றது. சிறு நாட்டுத் தலைவனொருவன் பேரரசின் கோட்டையைக் கைப்பற்றியது எளிய செயலன்று.

ஆயின், வெற்றி நீடிக்கவில்லை. ஒக்டோபர் 31ஆம் நாள் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவிலே அதே டிறிபேக் அவனைத் தோற்கடித்தான். அச்செய்தியைப் பொறித்து ஆங்கிலேயர் அங்கே ஒரு கல்லும் நாட்டினர். தம் வெற்றிக்கென அவர் நாட்டிய அக்கல்லே தோற்றவன் பெயரை நாட்டுமக்கள் நெஞ்சில் நிலைநிறுத்தியது! அநுராதபுரத்திலே எல்லாளனைக் கொன்ற துட்டகைமுனு அவனுக்குச் சமாதி எழுப்பி வழிபாடு செய்வித்தான் என மகாவம்சம் கூறும். அங்கே பகைவன் மனமறிந்து செய்த சிறப்பை, இங்கே பகைவன் அறியாமலே செய்தான்.

அக்களத்திலேயே அவன் வீழ்ந்தான் என்பது மக்கள் வழக்கு. கல் கூறுவதோ தோல்வியை மட்டுமே, இறப்பையன்று. பகைவர் கையில் அகப்படாது தப்பிச் சில ஆண்டுகள் வாழ்ந்தான் என்பதே ஆய்வாளர் பலரின் கொள்கை. இதனால் அவன் புகழ் குறையுமோ? குறையாது. களத்திலே ஒரு பொழுதில் மாய்வதினும், நாடிழந்தும் துணையிழந்தும் பணியாது ஆண்டுகள் கழித்தல் அரிது.

முல்லைமணி அவன் கதையை நாடகமாக்கினார், தமிழ்நாட்டிலே மு. கருணாநிதி புதினமாக்கினார். காக்கைவன்னியனின் காட்டிக்கொடுப்பு முதலியன மக்கள் உள்ளத்தைப் பிணித்தன. கதைக்குக் கதையின் இன்பம் உண்டு. வரலாற்றுக்கு வரலாற்றின் வலிமை உண்டு. இரண்டையும் மயக்காது போற்றுவதே அறிவுடைமை.

கற்சிலைமடுக் கல் நம் நாளில் உடைபட்டது. உடைந்த கல்லை மீண்டும் நாட்டலாம். மறந்த வரலாற்றை மீட்டல் எளிதன்று. ஆதலின் மாணவர்காள், 1895இல் லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வெளியிட்ட வன்னிக் கைந்நூலையும் படியுங்கள். உங்கள் ஊர் முதியோர் வாய்மொழியையும் எழுதிவையுங்கள். ஆங்கிலேயர் எழுதிய எழுத்தையே என்றும் நம்பியிருத்தல் வன்னி மக்களுக்கு அழகன்று.