மலிவு விமானங்களின் தளபதி

2022 ஜனவரி 17 அன்று அபுதாபி முசஃபாவில் ஹூத்திகளின் தாக்குதலில் மூன்று பேர் இறந்தார்கள். இருவர் இந்தியர். ஷார்ஜாவில் இருக்கும் எனக்கு ஊரிலிருந்து அம்மா மூன்று முறை தொலைபேசினார். குறைந்த செலவில் வானத்திலிருந்து அடிக்கும் யோசனை இந்தப் பக்கத்துக்கு எப்படி வந்தது என்று தேடியபோதுதான் ஹியூ ட்ரென்சார்டைப் படித்தேன்.

1873இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதினாறு வயதில் தந்தை திவாலானார். இந்தியாவில் இளம் அதிகாரியாக இருந்து, போயர் போரில் நுரையீரலில் குண்டடி பட்டு, 39 வயதில் விமானம் ஓட்டக் கற்றார். 1919இல் பிரிட்டிஷ் விமானப்படைக்கு மீண்டும் தலைவரானபோது கஜானா வறண்டிருந்தது. தரைப்படையும் கடற்படையும் அவர் படையைப் பங்கு போடக் காத்திருந்தன.

அவர் கையிலிருந்த வலுவான வாதம் மலிவுதான். 1920இல் சோமாலிலாந்துக் கிளர்ச்சியைப் 12 விமானங்கள் சில வாரங்களில் அடக்கின. செலவு சுமார் 77,000 பவுண்டு. (ஒட்டகப் படையும் கூடப் போனது. கணக்குச் சொல்பவர்கள் அதை மறந்துவிடுவார்கள்.) 1922 அக்டோபரில் ஈராக்கின் பாதுகாப்பே எட்டு ஸ்குவாட்ரன்களை நம்பி அவர் படையிடம் வந்தது. வரி கட்ட மறுத்த ஊர்களிலும் குண்டு விழுந்தது. அந்தச் சாவுகள் எந்த பட்ஜெட்டிலும் ஏறவில்லை.

அவர் காலத்திலேயே ‘லாரிங்ஸ்’ உருவானது. விமானி கிடையாது, 100 மைல் பறந்து குண்டோடு விழ வேண்டும், திரும்ப வேண்டியதில்லை. 1929இல் வளைகுடாவின் வடகோடியில், ஈராக் பாலைவனத்தில் சோதித்தார்கள். படையில் சேராமலே போயிற்று.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ட்ரென்சார்ட் பதவி விலகினார். பின்பு லண்டன் போலீஸ் கமிஷனர். கடைசியில் பார்வை மங்கி, 1956இல் இறந்தார்.