இலைக்குள் சுரங்கம் கண்டவர்

தக்காளிச் செடியின் இலையில் வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவன் அப்படிப்பட்ட இலையைக் கொண்டுவந்து, இதில் யார் சார் கோலம் போட்டது என்று கேட்டான். இலைக்கு ஏதோ நோய் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது தவறான பதில். சரியான பதிலை ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரான்ஸ் நாட்டில் ஒருவர் விரிவாக எழுதி வைத்திருந்தார். அவர்தான் ரெயோமூர்.

1683-ம் ஆண்டு, லா ரோஷெல் என்ற துறைமுக நகரில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். வசதியான குடும்பம் என்பதால் படிப்புக்குத் தடை வரவில்லை. 1703-ல் பாரிஸ் வந்தார். 1708-ல் அங்குள்ள அறிவியல் கழகத்தில் இடம் பிடித்தார்.

இரும்பை எஃகாக்கும் முறை பற்றி 1722-ல் நூல் எழுதினார். 1730-ல் வெப்பமானி செய்தார். அதில் நீர் உறையும் நிலை 0, கொதிக்கும் நிலை 80. நான் பள்ளியில் படித்த காலத்தில் இந்த அளவையும் மனப்பாடம் செய்ய வேண்டும்! குளவி மரத்தை மென்று காகிதம் போன்ற கூடு கட்டுவதைக் கவனித்து, மரத்திலிருந்து காகிதம் செய்யலாமே என்று 1719-லேயே சொன்னவரும் இவர்தான். அப்போது யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால், அவருடைய உயிர் பூச்சிகளிடம்தான் இருந்தது. புழுக்களை அவை தின்னும் இலைகளோடு கண்ணாடிக் குடுவைகளில் வைத்து வளர்ப்பார். தினமும் புது இலை போடுவார். கடைசியில் எந்தப் பூச்சி வெளியே வருகிறது என்று பார்த்து எழுதுவார். சில நாளில் முடிகிற வேலையா அது? ஆண்டுக்கணக்கில் செய்தார். 1734 முதல் 1742 வரை ஆறு பெரிய நூல்கள் வெளிவந்தன. மூன்றாவது நூல் 1737-ல் வந்தது. இலைக் கோடுகளின் கதை அதில்தான் இருக்கிறது.

ஓர் இலை எவ்வளவு மெல்லியது! அதற்கு மேல்தோல், கீழ்தோல் என்று இரண்டு தோல்கள் உண்டு. நடுவே பச்சைச் சதை. ஒரு சின்னஞ்சிறு ஈ, இலைக்குள் முட்டையைச் செருகி வைக்கிறது. பொரிந்து வரும் புழுவுக்குக் காலே கிடையாது. வாயில் கொக்கி மட்டும் உண்டு. அந்தக் கொக்கியால் பச்சையைச் சுரண்டித் தின்றுகொண்டே முன்னேறும். இரண்டு தோலையும் விட்டுவிடும். அதனால் காலியான பாதை வெள்ளையாகத் தெரிகிறது. கோடு தொடங்கும் இடத்தில் நூல் போல இருக்கும். போகப் போக அகலமாகும். ஏன் தெரியுமா? உள்ளே இருக்கும் புழு தின்று தின்று பருத்துக்கொண்டே போகிறது!

பூமிக்குள் சுரங்கம் தோண்டுகிறவர்களைப் போல இவை இலைக்குள் தோண்டுவதால், சுரங்கப் புழுக்கள் என்றே ரெயோமூர் எழுதினார். இப்படித் தோண்டும் புழுக்களில் சில ஈயாகும், சில அந்துப்பூச்சியாகும், சில வண்டாகும். கோட்டை மட்டும் பார்த்தால் தெரியாது. குடுவையில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

இந்த ஈக்களில் பல, கண்ட இலையையும் தொடாது. ஐரோப்பாவில் ஹோலி என்று ஒரு முள்ளிலை மரம் உண்டு. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் சிவப்புப் பழங்களோடு பார்த்திருப்பீர்கள். ஓர் ஈ அந்த மரத்தின் இலையில் மட்டுமே முட்டையிடும். அதன் புழு குளிர்காலம் முழுவதையும் அந்தத் தடித்த இலைக்குள்ளேயே கழிக்கும். குரோசாணி ஓமம் என்ற காட்டுச் செடி மனிதருக்குக் கொடிய விஷம். அதன் இலைக்குள்ளும் ஓர் ஈயின் புழு வயிறு நிறையத் தின்று வளர்கிறது. இன்று இலைச் சுரங்க ஈக்களின் குடும்பம் ஒன்றில் மட்டும் சுமார் 3,000 வகைகள் தெரியவந்துள்ளன.

அக்காலத்தில் எல்லோரும் ரெயோமூரைப் பாராட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அரசரின் தோட்டத்துக்குத் தலைவராக இருந்த பஃபோன் என்ற பெரிய அறிஞர், ஈக்கும் தேனீக்கும் போய் இத்தனை பக்கங்களா என்று இளக்காரமாகப் பேசினார். ரெயோமூர் தம் வேலையை விடவில்லை.

அவருடைய நூல்களில் புழுக்களின் படங்கள் அத்தனை நுணுக்கமாக இருக்கும். அவற்றில் பெரும்பகுதியை வரைந்தவர் எலன் துமூஸ்தியே என்ற பெண். எத்தனையோ ஆண்டுகள் ரெயோமூரின் பக்கத்திலிருந்து, புழுவையும் இலையையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஆனால், நூலில் அவர் பெயர் இல்லை! எனக்கு இது வருத்தம்தான். ரெயோமூர் தம் உயிலில் அவரை வாரிசாக எழுதி வைத்தார் என்பதில் சற்று ஆறுதல்.

1757 அக்டோபரில், ரெயோமூர் குதிரையிலிருந்து விழுந்து, அதனால் இறந்தார். அவர் ஆசையாகச் சேர்த்த பூச்சிகளும் பறவைகளும் எங்கே போயின தெரியுமா? இளக்காரம் செய்த அதே பஃபோனின் பொறுப்பிலிருந்த அரசரின் காட்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எறும்புகளைப் பற்றி அவர் எழுதிய கையெழுத்துப் பிரதி பழைய காகிதங்களுக்கு நடுவே கிடந்தது. 169 ஆண்டுகள் கழித்து, 1926-ல்தான் அது அச்சில் வந்தது.